வெள்ளம் வடிந்த வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு

மதினி,

இன்று காலை தெரு முழுக்க பிளீச்சிங் பவுடர் வாசனை. இரண்டு நாள் மழைக்கே முடிச்சூரில் வாசலோரம் தண்ணீர் நின்றுவிட்டது. வடிந்ததும் ஆள் வந்து வெள்ளை வெளேரென்று தூவிவிட்டுப் போனார். வீட்டில் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார்கள். எனக்கு மட்டும் அந்த வாசனை வந்தால் பசிக்கும். வேறு யாரிடம் சொன்னாலும் டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள். நீங்கள் இருந்தால் சிரித்திருப்பீர்கள். போன ஆடியில் நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து இப்படிச் சொல்ல வேண்டியவை நிறைய சேர்ந்துவிட்டன.

அந்தப் பெரிய வெள்ளத்துக்கு முந்தின மாதம்தான் கோவில்பட்டியிலிருந்து வந்து எங்கள் தீபாவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தீர்கள். உங்கள் மகனுக்கு மறைமலை நகரில் வேலை, என் மகளுக்குக் காட்டாங்குளத்தூர் கல்லூரி அலுவலகத்தில் வேலை. இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. நாள் பார்த்து வந்து உறுதி செய்கிறோம் என்று சொல்லி, காபியோடு எழுந்துவிட்டீர்கள். பேச்சு முடிகிறவரை பெண் வீட்டில் கை நனைப்பதில்லை என்ற வழக்கம் உங்கள் பக்கமும் உண்டு, எங்கள் பக்கமும் உண்டு. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் வார்த்தை கொடுத்ததாகிவிடும், அப்புறம் பின்வாங்க முடியாது. அதனால் நானும் வற்புறுத்தவில்லை.

பிறகு வெள்ளம் வந்தது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பக்கத்து மாடியில் தஞ்சம் புகுந்தோம். தண்ணீர் வடிந்ததும் சேற்றைவிட மோசமாக உறவினர் பேச்சு வந்து சேர்ந்தது. "பொண்ணு பார்த்துட்டுப் போன கையோட வீட்டுக்குள்ள தண்ணி பூந்திருக்கு. அவங்க சகுனம் பார்க்க மாட்டாங்களா?" என்று என் நாத்தனாரே கேட்டாள். தீபா சுவரில் இருந்த சேற்றுக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கோடு போன பிறகும் தேய்த்தாள். அதைப் பார்க்க முடியாமல் நான் பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த நாட்களில் எங்கள் தெருவுக்கு ஆள் வராமல் இல்லை. வேனில் வந்தார்கள். பிரெட்டும் பழைய துணியும் கொடுத்தார்கள். ஒரு மூட்டையில் கோட்டு இருந்தது. முடிச்சூரில் யார் கோட்டு போடப்போகிறோம்! நல்ல மனசோடு கொடுத்தார்கள், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் ஒருவரும் வாசல்படி தாண்டவில்லை. உட்காருங்கள் என்றால் உட்கார மாட்டார்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கொடுத்தாலும், "இருக்கட்டும்மா, எங்களுக்கு எதுக்கு சிரமப்படறீங்க" என்று டம்ளரைத் தொடாமல் போவார்கள். சொந்தக்காரர்களோ, "இந்த நேரத்துல நாங்க வேற வந்து பாரமா இருக்கணுமா" என்று போனிலேயே முடித்துக்கொண்டார்கள். அடிபட்ட ஊருக்குப் போவதென்றால் ஒன்று கொடுக்கப் போகவேண்டும், இல்லையென்றால் வேடிக்கை பார்க்கப் போவதாகிவிடும் என்று ஊர் உலகமே முடிவு கட்டியிருந்தது. விருந்தாளியாகப் போகலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை என்பதுதான் விஷயம். நானேதானே உங்களுக்குப் போன் செய்து, "இப்ப வராதீங்கம்மா, உட்கார நாற்காலி கூட இல்லை" என்று சொன்னேன்!

நீங்கள் "சரி சரி" என்றீர்கள். அடுத்த வாரமே ஒரு காலையில் ஆட்டோவிலிருந்து இறங்கினீர்கள், தனியாக, இரண்டு பெரிய பைகளோடு. என் கணவர் சட்டையைத் தேடி ஓடினார். மாப்பிள்ளையின் அம்மா முன்னறிவிப்பில்லாமல் தனியாக வந்தால் நல்ல செய்தியாக இருக்காது என்று யாருக்குத்தான் தெரியாது?

நீங்கள் பையைத் திறந்து காட்டினீர்கள். மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, தண்ணீர் கேன், பிளாஸ்க் நிறைய காபி, போதாததற்கு வறுத்த ரவை. "எங்க தெருவே கூடி நின்னு கட்டிக் குடுத்துச்சு. டிவியில பாத்தா மெட்ராஸே இல்லன்னுல்லா நெனச்சோம்! தாம்பரத்துல எறங்குனா ஸ்டேஷன் வாசல்ல சுடச்சுட பூரி போடுதான். நான் பிளாஸ்க்க கட்டிக்கிட்டு முழிக்கேன்" என்று நீங்களே சிரித்தீர்கள்.

ஆட்டோக்காரர் கதையையும் அப்போதே சொன்னீர்கள். ஏறினதும் அவர் முறைத்தாராம்.

"இன்னாம்மா, வெள்ளம் பாக்க வந்துகினியா?"

"இல்லய்யா. சம்பந்தம் பேசுன வீட்டுக்குப் போறேன்."

"அத்த மொதல்ல சொல்லு! மூட்டை குடுக்க வர்றான், போட்டோ புடிக்க வர்றான், எல்லாம் சொந்த வண்டில வர்றான். வூடு தேடி வர்ற ஆளே இல்ல. ஸ்டாண்ட்ல குந்திகினே பேஜாரா பூடுச்சு."

பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தீர்கள். ஊறிப் பிளந்த கதவைத் தொட்டுப் பார்த்தீர்கள். தீபா கையில் தேய்க்கும் நாரோடு நின்றாள். அவளையும் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். நான் எதையோ கேட்கத் தயாராகிப் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பி, "சமையல் என்ன? வந்தவள சாப்பிடுதியளான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டியளா? எனக்குப் பசிக்கி" என்றீர்கள்.

பெண் வீட்டில் கை நனைக்கவா கேட்கிறீர்கள்! வீட்டில் அரிசியைத் தவிர ஒன்றும் இல்லை என்றேன். "கடை தெறந்துதான இருக்கு, வாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனீர்கள். நான் வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. பாதிக் கடைகள் திறந்துதான் இருந்தன. ஈரச் சாக்கின் மேல் கத்திரிக்காய், முருங்கைக்காய் எல்லாம் வந்திருந்தது. வாங்கத்தான் ஆள் குறைவு. பூக்காரம்மா நம்மைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "வூட்ல தண்ணி பூந்து கீது, தலைல பூவான்னு நாலு பேர் கேப்பாங்கன்னு யாரும் வாங்கறதில்லக்கா. அவங்க வெச்சிக்கலன்னா என் வூட்ல அடுப்பு எரியாது, அத்த யாரு பாக்கறா?" என்றார். நீங்கள் மல்லிகை வாங்கி அங்கேயே, நடுத்தெருவில், என் தலையில் வைத்துவிட்டீர்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் நிமிர்ந்து நடந்தேன் என்பதும் நினைவிருக்கிறது.

சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, ரசம், அப்பளம். அவ்வளவுதான் முடிந்தது. ஈரம் காயாத தரையில் பாய் விரித்தோம். பிளீச்சிங் பவுடர் நெடி வீடு முழுக்க. நீங்கள் இலையில் தண்ணீர் தெளித்து, சோற்றைப் பிசைந்து சாப்பிட்டீர்கள். அவசரமே இல்லை. இரண்டாவது முறை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டு, "உப்பு கூட, மதினி. அழுதுகிட்டே வச்சியளோ?" என்றீர்கள். அதுவரை என்னை 'ஏம்மா' என்றுதான் கூப்பிடுவீர்கள். முதல்முறையாக, சம்பந்தி முறை வைத்து, மதினி. தீபா அடுப்பங்கரைக்குள் போய்க் குலுங்கிக் குலுங்கி அழுதாள். என் கணவர், தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழுந்து, குடம் பக்கத்திலேயே இருந்தும் வாசலுக்குப் போனார்.

தை பிறந்ததும் கல்யாணம். உங்கள் ஊர்க்காரர்களை எல்லாம் தாம்பரம் லாட்ஜிலேயே தங்க வைத்தீர்கள். முகூர்த்தப் புடவையிலிருந்து தாம்பூலப் பை வரை இங்கேதான் வாங்க வேண்டும் என்று அடம் பிடித்தீர்கள். மதுரையில் மலிவு என்று யாரோ சொன்னதற்கு, "மதுரை நல்லாத்தான இருக்கு, ஏவாரம் இல்லாம கெடக்கது இங்கதான?" என்றீர்களாம்.

அந்த மதியத்துக்குப் பிறகு நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன் என்று பெருமையாக நினைத்திருந்தேன். கடலோரத்தில் இருக்கும் என் தங்கை வீட்டைப் புயல் பிய்த்துப் போட்டபோது, எல்லோரும் போன் பிடித்து ஐயோ பாவம் சொல்லிக்கொண்டிருக்க, நான் பஸ் ஏறிப்போய், "காபி போடுடி" என்றேன். "ஓடு பறந்துபோன வீட்டுக்கு வந்து காபி கேக்கற ஒரே ஆள் நீதான்" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே பால் வாங்க ஓடினாள். திரும்பி வரும்போது தெருவில் யாரிடமோ, "அக்கா வந்திருக்கா" என்று சத்தமாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கோவில்பட்டி வந்திருந்தோம். கூட்டம் கலைந்த பிறகு அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உங்கள் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியாததா? அன்று பேசினார்.

"ஒங்ககிட்ட இத அவ சொல்லிருக்க மாட்டா. வெள்ளத்தப்போ அவ வந்தாள்லா, அது சும்மா வரல. எங்க பெரியண்ணன் ஒரே பிடியா நின்னாரு, தண்ணி பூந்த வீட்டுல பொண்ணு எடுக்கக் கூடாதுன்னு. சரி, பேச்ச முறிச்சிருவோம்னு எல்லாரும் பேசி முடிச்சாச்சு. போன்ல சொல்லுதது மரியாதையில்ல, நேர்ல போயி பக்குவமா வேண்டாம்னு சொல்லிட்டு வாரேன்னுதான் கெளம்புனா. மத்தியானம் போன் வந்துச்சு. 'நான் சாப்பிட்டுட்டேன்'னா. அம்புட்டுத்தான். வச்சிட்டா. பெரியண்ணன் ஆறு மாசம் அவகிட்ட மொகம் குடுத்துப் பேசல."

மதினி, ரயிலில் திரும்பும்போது வழியெல்லாம் அதையே யோசித்தேன். எந்த இடத்தில் மனம் மாறினீர்கள்? பூரிக் கடையைப் பார்த்தபோதா, ஆட்டோக்காரர் பேச்சிலா, சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்தபோதா? கேட்க ஆள் இல்லை.

தீபாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவளுக்கு நீங்கள், ஊரே ஒதுங்கி நின்றபோது பசிக்கிறது என்று வந்து நின்ற அத்தை. அப்படியே இருக்கட்டும். இத்தனை வருடமாக, இல்லாத வீட்டிலும் உங்களுக்கு ஒரு வேளைச் சோறு போட்டோம் என்று நான் நாலு பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். அந்தச் சோற்றோடு சேர்த்து, சொல்ல வந்த 'வேண்டாம்' என்ற வார்த்தையையும் நீங்கள் விழுங்கிவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது.