நஞ்சப்பன் கூப்பிட்டது கேட்கவில்லை

தருமபுரி,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் பிளசிக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் மருமகனும் அந்த நார்வே குளிரில் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபமாலையில் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, ஆனால் மாடி ஏறுவதை விடமாட்டேன் என்கிறார். போனில் பேசுகிறவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வாயால் சொல்ல வரவில்லை, அதனால்தான்.

நம் ரேடியோ சங்கத்தின் ரிப்பீட்டரை டிஜிட்டலுக்கு மாற்றப் போகிறோம் என்று ஆகஸ்டில் சொன்னேன் அல்லவா, மலையுச்சியில் இருந்து எங்கள் எல்லோர் பேச்சையும் வாங்கித் திருப்பி அனுப்புவது அந்த ஒரு பெட்டிதான். எந்த முறைக்கு மாறுவது என்று பெரிய வாக்குவாதம். சங்கத்து அந்தோணி பிரகாஷ், சி4எஃப்எம் எடுப்போம், பழைய அனலாக் செட்டும் அதிலேயே போகும் என்றார். நான் டிஎம்ஆர்தான் என்று நின்றேன், அதுவும் டிஜிட்டல் மட்டும். ஒரே அலைவரிசையில் இரண்டு பேச்சு போகும், இரைச்சல் இருக்காது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் இரைச்சலோடு மல்லுக்கட்டியவள், சங்கக் காரியதரிசி வேறு, யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நீதான் போனில், சித்தேரி நஞ்சப்பன் மாமாவிடம் பழைய செட்தானே இருக்கிறது, அவர் என்ன செய்வார் என்று கேட்டாய். ஒருத்தருக்காக எல்லோரும் இரைச்சலைக் கேட்கணுமா என்று உன்மேல் எரிந்து விழுந்தேன். மாற்றும் தேதியை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். மலைமேல் அவர் ஊரில் டவர் எடுக்காது என்பது எனக்குத் தெரியாதா, தெரியும். புதுச் செட் ஒன்று வாங்கி அனுப்பலாம் என்று நினைத்தேன், நினைத்ததோடு சரி.

போன மாதம் ஒரு புதன்கிழமை, பகல் பதினோரு மணி. நஞ்சப்பன் மனைவி குள்ளம்மாளுக்குச் சாமைக் காட்டில் களை பிடுங்கும்போது கையில் விரியன் கடித்துவிட்டது. எங்களில் யாராவது கேட்டு ஆம்புலன்சுக்குச் சொல்வோம் என்று நஞ்சப்பன் அரை மணி நேரம் செட்டில் கூப்பிட்டிருக்கிறார். பெட்டி அவர் குரலை எடுக்கவே இல்லை. அதே நேரம் நான் அந்தோணி பிரகாஷிடம், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது பாருங்கள் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தேன். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் பைக்கில் அவளை நடுவில் வைத்துச் சேலையால் கட்டி மலை இறக்கியிருக்கிறார்கள். ஆண்டவர் உயிரைத் தந்துவிட்டார். வலது கையில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். சேதி தெரிந்து ஓடிப்போய், சீக்கிரம் வந்திருந்தால் விரல் தப்பியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன், உறுதியாகச் சொல்ல முடியாதும்மா என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நஞ்சப்பன், கூப்புட்டுப் பாத்தனுங்க, யாரும் வரல, எல்லாருக்கும் வேல இருக்குமுன்னு வுட்டுட்டேன் என்றார். நான்தான் மாற்றினேன், உங்களுக்குச் சொல்லவில்லை என்றேன். அவர் மருந்து வாங்கணும் என்று எழுந்து போய்விட்டார். உள்ளே குள்ளம்மாள்தான் கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி, ஒரு வார்த்த சொல்லி வுட்டிருக்கலாமுங்களே என்றாள். தினமும் சித்தேரிக்குப் பஸ் போகிறது பிளசி, கண்டக்டரிடம் ஒரு சீட்டுக் கொடுத்திருந்தால் போதும்.

மறுநாளே அனலாக்கும் சேர்ந்து எடுக்கும்படி பெட்டியை மாற்றச் சொன்னேன். கால் மணி நேர வேலை, அவ்வளவுதான். காரியதரிசி பொறுப்பை விட்டுவிட்டேன். தினமும் காலை ஏழு மணிக்கு நஞ்சப்பனைச் செட்டில் கூப்பிட்டேன், இருபது நாள் பதில் இல்லை. நேற்று செட்டில் வந்தார். குள்ளம்மாளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன், இன்னும் களி கிண்ட முடியலீங்க மேடம் என்றார். இத்தனை வருஷம் அந்த மனிதர் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் மகளே. அந்தோணியார் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும், தாய் மனசார ஆசீர்வதிக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே. பதிலைப் போனில் சொல்லாமல் நாலு வரி எழுதி அனுப்பு, திட்டுவதாக இருந்தாலும் சரி.

உன் அம்மா,
மிக்கேலம்மாள்