தரையில் படுக்காதீர்கள்

நாள் 212. காலை 07:10

செவ்வாய், தென்முனைப் பனி நிலையம். எழுதுபவர்: வைகுந்தநாதன், பனி ஆய்வாளர்.

காற்றழுத்தம் இயல்பு. சென்சார்கள் எல்லாம் பச்சை. பனி மாதிரி இரண்டு வெட்டினேன். ஒன்று உடைந்துவிட்டது. வெட்டும் கருவியில் குறை இல்லை. என் கையில் இருக்கலாம்.

பொறியாளர் மங்கையர்க்கரசி போன வாரம் இறந்த பிறகு நிலையத்தில் நான் மட்டும்தான். ஐந்து பேர் கொண்ட மாற்றுக் குழு வந்துகொண்டிருக்கிறது. நான் இதுவரை மேலறையில்தான் படுத்துவந்தேன். விசிறியின் இரைச்சலும் குளிரும் இந்த வயதில் ஒத்துக்கொள்ளவில்லை. பாயைக் கீழறைக்குக் கொண்டுபோய்விட்டேன். அது பாதி மண்ணுக்குள் புதைந்த அறை, கதகதப்பானது. அரசி படுத்த இடம் என்பதால் சற்றுத் தயக்கம் இருந்தது. அங்கிருந்த இரும்புக் கட்டில்களை வந்த புதிதிலேயே நாங்கள் இருவரும் கழற்றி வெளியே போட்டுவிட்டோம். இருவருக்குமே தரையில் படுத்தால்தான் தூக்கம்.

பூமியிலிருந்து செய்தி. இயக்குநர் கோதண்டராமன்:

"சார், அந்தப் பொண்ணு படிச்சிட்டிருந்த பேய்ப் படக்கதை, அந்த மங்கா, அங்கதான கிடக்கு? அத ஒரு தடவ படிச்சிட்டு, அதுல என்னதான் நடக்குதுன்னு ரெண்டு பக்கம் எழுதி அனுப்புங்க. நீங்கதான் இலக்கியம்லாம் கரைச்சுக் குடிச்சவராச்சே. கடைசில 'புத்தகத்தோட பாதிப்பால மனநிலை குலைஞ்சிருக்கு'ன்னு ஒரு வரி வந்துட்டா போதும். விசாரணைக் கமிட்டி ஃபைல மூடிடும்."

சரி என்று பதில் அனுப்பினேன். முடிவைக் கையில் கொடுத்துவிட்டு ஆராயச் சொல்கிறாரே என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

நாள் 213. மாலை 16:40

படித்து முடித்தேன். ஜப்பானிய மங்கா, தமிழாக்கம். பெயர் 'கிணற்றடித் தெரு'. படம் அதிகம், பேச்சு குறைவு. கல்லூரியில் கற்ற முறைப்படி தாளை நடுவில் கோடிட்டுப் பிரித்துக்கொண்டேன். இடப்பக்கம் கண்ணால் கண்டது. வலப்பக்கம் நான் நினைப்பது.

கண்டது: மலைச்சரிவில் ஓர் ஊர், நடுவில் வறண்ட கிணறு. அதன் ஓரத்தில் ஒரு நாய் படுத்திருக்கிறது, எழுந்திருக்கவேயில்லை. ஒரு வீட்டில் தரையில் வைத்த விளக்கு அணைகிறது. காற்று அடிக்கவில்லை, திரைச்சீலை அசையவில்லை. ஒரு தாய் குழந்தையைக் கூடையோடு உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுகிறாள். ஊரார் ஒவ்வொருவராகக் கூரைமேல் ஏறி உட்கார்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் கீழே ஒரு வாசல். அதிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டிருக்கிறது. பேச்சுக் குமிழில்: "எல்லாம் சரியாகிவிட்டது. இறங்கி வாருங்கள்." முகம் இல்லை. அத்தோடு முடிகிறது.

வலப்பக்கம் காலி.

வரைந்தவர்மேல் கோபம் வந்தது. ஏன் அணைந்தது, யார் அழைப்பது என்று ஒரு வரி எழுதினால் கை தேய்ந்தா போகும்? இறந்தவள் ஒருத்தி, அவளைப் பித்துப் பிடித்தவள் என்று எழுதுவதா வேண்டாமா என்று நான் முழித்துக்கொண்டிருக்கிறேன். இவர் கதவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அரசி கடைசி நாட்களில் செய்ததையும் அதே தாளில் எழுதினேன். கீழறையில் படுக்க மறுத்தாள். மேலறையில் மாதிரி அலமாரியின் உச்சியில் தன்னைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். பிறகு ஒரு நாள் விண்வெளி உடையை மாட்டிக்கொண்டு நிலையத்தின் கூரையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ரேடியோவில் அவள் சொன்னது:

"இங்க மூச்சு நல்லா வருது சார். அந்தக் கதையில எல்லாரும் ஏன் மேல ஏறுறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. நீங்களே படிச்சுப் பாருங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க. சென்சார் பச்சையா இருக்கேம்மான்னுவீங்க."

அப்படித்தான் சொன்னேன். அவள் இறங்கவில்லை. நான் உடை மாட்டி ஏறிப் போனபோது அவள் உடையில் ஆக்சிஜன் தீர்ந்திருந்தது.

நாள் 215. காலை 09:00

அறிக்கை அனுப்பியிருந்தேன். "நூலில் காரணம் எதுவும் கூறப்படவில்லை. இறந்தவரின் மனநிலையோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

கமிட்டிக்குப் போன அறிக்கையின் நகலை எனக்கும் அனுப்பியிருக்கிறார்கள். "தொடர்பு இருக்கலாம் என்று நிலைய ஆய்வாளர் வைகுந்தநாதன் தெரிவிக்கிறார்." மறுபாதியைக் காணோம்.

நாற்பது ஆண்டுகளாக எதையும் அடித்துச் சொல்லாமல் வாழ்ந்தவன் நான். அது நேர்மை என்று நம்பியிருந்தேன். இவர்களுக்கு அது வெட்டி எடுக்க வசதியான துணி.

தலைவலி. சாப்பாடு இறங்கவில்லை.

நாள் 217. காலை 05:30

மூச்சு முட்டி விழித்தேன். இதயம் அடித்துக்கொண்டது. என் கால்மாட்டில் யாரோ நிற்பதுபோல் இருந்தது. இங்கே இப்போது கோடை, சூரியன் மறைவதில்லை. அறை முழுக்க வெளிச்சம். அப்படியும் இருந்தது.

கண்டது: அறையில் ஒருவரும் இல்லை. சென்சார் பச்சை.
நினைப்பது: எனக்கும் அதேதான் வந்துவிட்டது. கோதண்டராமன் சொன்னது சரியாக இருக்கலாம். படித்தவர்களையெல்லாம் அந்தப் புத்தகம் பிடித்துக்கொள்கிறது.

எழுதிய கையை அறைய வேண்டும் போலிருக்கிறது. புத்தகம் எப்படிப் பிடிக்கும்? தாளும் மையும்.

நாள் 217. நண்பகல் 12:15

மறுபடி படித்தேன். இம்முறை வலப்பக்கத்தையே கிழித்துப் போட்டுவிட்டு, கண்டதை மட்டும்.

விளக்கு அணையும் படம். போன முறை தரையிலிருக்கும் விளக்கை மட்டும் பார்த்திருக்கிறேன். அதே படத்தின் மேல்மூலையில் மாடத்தில் இன்னொரு விளக்கு இருக்கிறது. அது எரிகிறது.

கீழே அணைகிறது. மேலே எரிகிறது. குழந்தையை மேலே கட்டுகிறாள். ஊர் மேலே ஏறுகிறது. நாய் முதலில் சாகிறது. அதன் மூக்குத்தான் தரைக்கு அருகில் இருக்கிறது.

பேயில்லை. கிணற்றிலிருந்து கனமான வாயு கசிந்து தரையோடு தேங்குகிறது. வரைந்தவர் எதையும் மறைக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் போட்டு வைத்திருக்கிறார். எனக்குத்தான் பார்ப்பதற்கு முன்பே பொருள் வேண்டியிருந்தது.

நாள் 217. 13:40

நிலையத்தில் தீ மூட்டத் தடை. என் பணிக்காலத்தில் ஒரு விதியையும் மீறியதில்லை. பட்டறையிலிருந்து வெல்டிங் லைட்டரை எடுத்துக்கொண்டு கீழறைக்கு இறங்கினேன்.

மார்புயரத்தில் சுடர் நின்றது. முழங்காலுயரத்தில் சுருங்கியது. பாய்க்கு அருகில் கொண்டுபோனதும் அணைந்தது. மறுபடி மேலே வந்து ஏற்றி இறக்கினேன். அதே இடத்தில் அணைந்தது. என் தலையணை இருக்கும் உயரம்.

நிலையத்தின் அடியில் இருப்பது வெறும் பனியில்லை, உறைந்த கரியமில வாயு. எங்கள் அறையின் சூடு அதை நேரே வாயுவாக்குகிறது. அது தரைப் பிளவு வழியே ஏறுகிறது. கீழறைச் சென்சார் சுவரில் கட்டிலுயரத்தில் இருக்கிறது. அமைத்தவர்கள் மனிதர் மூக்கு அங்கேதான் இருக்கும் என்று எண்ணினார்கள். நாங்கள் கட்டிலைக் கழற்றிவிட்டுப் பாயை விரித்தோம்.

அரசி, அம்மா, உனக்குப் பித்தில்லை.

நாள் 218. 08:20

எல்லாவற்றையும் அனுப்பினேன். "இருக்கலாம்" என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. கசிவு கூடிக்கொண்டே போகிறது, இன்று சுடர் முழங்காலுயரத்திலேயே அணைகிறது, குழுவை இறக்காதீர்கள் என்றேன். கப்பல் இறங்கிவிட்டால் எரிபொருள் தயாராகும்வரை ஏற முடியாது. ஓர் ஆண்டுக்கு இந்த நிலையம்தான் அவர்கள் ஐவருக்கும் வீடு.

பதில்:

"சார், கோவிச்சுக்காதீங்க. மங்காவ வெச்சு கேஸ் லீக் கண்டுபிடிச்சேன்னு கமிட்டில நான் எப்படி சார் சொல்றது? சிரிப்பாங்க. உங்க சென்சார் டேட்டா என் டேபிள்ல இருக்கு, ஒண்ணுவிடாம பச்ச. அந்தப் பொண்ணும் இதேதான் சொல்லிச்சு. நீங்க பாவம், தனியா இருக்கீங்க, அந்த புக்க ஓரமா வெச்சுட்டு ரெஸ்ட் எடுங்க. லேண்டிங் பிளான் பிரகாரம் நடக்கும்."

அரசி இதேதான் சொன்னாளாம். அவள் சொன்னது இவர்களுக்குத் தெரியும்! தெரிந்தே என்னிடம் புத்தகத்தைப் படித்துப் பொருள் எழுதச் சொன்னார்கள். கட்டில் கழற்றியதும் இவர்களுக்குத் தெரியும். படம் எடுத்து அனுப்பியபோது "நல்லா வீடு மாதிரி ஆக்கிட்டீங்களே" என்று சிரித்தார்கள்.

நான் யாரையும் திட்டியதில்லை. இன்று மேலறையில் நின்று காலிச் சுவரைப் பார்த்துத் திட்டினேன். எந்தச் சொல் என்று பதிவில் எழுத மாட்டேன்.

நாள் 219. 15:00

கப்பல் தலைக்குமேல் சுற்றத் தொடங்கிவிட்டது. விமானி பாக்கியநாதன், திருச்செந்தூர்ப் பக்கம்.

"ஐயா, நீங்க சொல்றத நான் நம்புதேன். ஆனா இறக்குற கட்டளை பூமியிலேர்ந்து நேரா மெஷினுக்குப் போயிட்டு. என் கையில ஒண்ணுமில்ல. நாளைக்கு இறங்கிருவோம். கட்டில்ல படுத்தா போதும்லா?"

போதாது, விசிறி கசியும் வாயுவை மேலறைக்கும் இழுக்கிறது, அங்கேயும் மூச்சு கனக்கத் தொடங்கிவிட்டது என்றேன். பிறகு:

"நாங்க அஞ்சு பேரும் பாய் கொண்டாந்திருக்கோம், ஐயா. பத்தமடப் பாய்."

நாள் 219. 18:30

அலமாரியின் உச்சியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசிப் பக்கத்தின் கை யாருடையது என்று இப்போது தெரிகிறது. பேயில்லை, பிணமில்லை. கீழே நிற்கும் ஒரு நல்ல மனிதர். எல்லாம் சரியாக இருப்பதாக மனதார நம்புகிறவர். படித்தவர், யாருக்கும் தீங்கு எண்ணாதவர்.

அரசி கூரையில் இருந்தபோது நான் மணிக்கணக்கில் ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். "எல்லாம் சரியா இருக்கும்மா. இறங்கி வா."

நாள் 220. 06:50

நிலையத்தில் காற்றழுத்தம் இல்லாவிட்டால் கப்பலின் இறங்கு கருவி தானாகப் பூட்டிக்கொள்ளும். பூமியிலிருந்து வரும் கட்டளையும் அதைத் திறக்காது. இது விதிப்புத்தகத்தில் இருக்கிறது. நான் விதிகளை நன்றாகப் படித்தவன்.

உடை மாட்டிக்கொண்டேன். மேலறையில் காற்றை வெளியேற்றும் கைத்திருகியைத் திறந்துவிட்டேன். காற்று முழுதும் வெளியே போயிற்று. தாள்கள் பறந்தன. இந்தப் பதிவேட்டையும் மங்காவையும் இடுக்கிக்கொண்டு கூரைமேல் ஏறினேன்.

பாக்கியநாதன்:

"ஐயா, என்ன காரியம் பண்ணிட்டிய? அழுத்தம் சைபர்னு காட்டுது. பூட்டிக்கிட்டு. ஐயா, உங்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் இருக்கு?"

போதுமான அளவு இருக்கிறது என்றேன். என் வாழ்க்கையில் நான் உறுதியாகச் சொன்ன முதல் பொய். அந்த ஆள் அழுதார். ஊருக்குப் போய்க் கட்டில் வாங்கிப் படுங்கள் தம்பி என்றேன். அழுகையின் நடுவே சிரித்தார்.

நாள் 220. 09:15

கப்பல் சுற்றுப்பாதையை விட்டுத் திரும்பிவிட்டது. ஐந்து பேர்.

பூமியிலிருந்து கோதண்டராமன் ஓயாமல் பேசுகிறார்.

"சார், நீங்க சொன்னத எல்லாம் ஏத்துக்கறோம். எல்லாம் சரியாயிடுச்சு. திருகிய மூடிட்டு இறங்கி வாங்க சார்."

ரேடியோவை அணைத்தேன்.

நாள் 220. 10:40

மூச்சு கனக்கிறது. எழுத்து கோணுகிறது. பனி வெள்ளையாக, வெகுதூரம்.

இதைக் கண்டெடுப்பவருக்கு. புத்தகத்தின்மேல் பழி போடாதீர்கள். என்மேலும் பொருள் எழுதாதீர்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள்.

நாள் 220.

கண்டது: ரேடியோ அணைந்திருக்கிறது. இரண்டு முறை பார்த்துவிட்டேன். நிலையத்துக்குள் காற்றில்லை. காற்றில்லாத இடத்தில் குரல் எழாது.

கீழே வாசல் திறந்திருக்கிறது.

என் பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள். எல்லாம் சரியாக இருக்கிறதாம். என் குரல்தான்.

நினைப்பது: