அக்கா கணக்கில் என் சம்பளம்

மார்ச் 3, திங்கள்

சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் இன்று தனியாகக் கூப்பிட்டார். இந்த மாதச் சம்பளத்திலிருந்து அவரவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான் போடுவார்களாம். அக்கா கணக்கு, தங்கை கணக்கெல்லாம் இனி செல்லாது. இருபதாம் தேதிக்குள் எண் தராவிட்டால் மருத்துவமனையில் வேறு ஆள் பார்ப்பார்கள். தலையாட்டிவிட்டு வந்து படுக்கை விரிப்புகளை மடித்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

அக்காவிடம் போய்ப் போன மாதச் சம்பளத்தை வாங்கி வந்தேன். என் சம்பளம்தான். என் தையல் கடை கடனில் மூழ்கி, என் கணக்கையும் வங்கி மூடியதிலிருந்து இப்படித்தான். கையில் கொடுக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள். “மகளுக்கு இப்ப எதுக்கு புது ஷூ?” பழையதில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்க்கிறது என்றேன். உதட்டைச் சுழித்தாள். இந்த வயதில் ஒரு கட்டைவிரலுக்குக்கூட நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 6, வியாழன்

என் பேரில் கணக்கு திறந்தால் கடன் ஒப்பந்தம் முறிந்துவிடுமோ? கடை மூழ்கியபோது கடன் கொடுத்த எல்லாரையும் ஒரே ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தவர், எனக்கும் அவர்களுக்கும் நடுவில் நிற்கும் கடன் அதிகாரி. ஐந்து வருடம் அவரிடம் மாதத் தவணை கட்ட வேண்டும். அதுவரை யாரும் வாசலில் வந்து கத்தமாட்டார்கள், நானும் எங்கேயும் புதுக்கடன் வாங்கக்கூடாது. சம்பளம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். எங்கே விழுகிறது என்று நான் சொன்னதில்லை. இப்போது போய்க் கேட்டால் தோண்டித் துருவமாட்டாரா? கேக்காமலே தொறந்துட்டா என்ன?

மார்ச் 10, திங்கள்

அவரிடம் கேட்காமலே வங்கிக்குப் போனேன். நல்ல உடுப்பு, தலை வாரி, பெரிய மனுஷி மாதிரி. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் வேறு எங்காவது கடன் உண்டா என்று கேட்டார். இல்லை என்று நாக்கு தானாகவே சொல்லிவிட்டது. அவர் கணினியைத் தட்டினார். என் முகத்தைப் பார்க்காமல், “இப்போதைக்கு முடியாதுங்க” என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். ஏண்டி பொய் சொன்ன? அவங்ககிட்ட எல்லாமே இருக்கும்னு தெரியாதா உனக்கு?

மார்ச் 11, செவ்வாய்

இருப்புக்கொள்ளாமல் வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன். “உக்காரும்மா, எனக்குத் தல சுத்துது” என்கிறாள் மகள்.

மார்ச் 14, வெள்ளி

வேறு வழியில்லை. கடன் அதிகாரிக்குப் போன் செய்து, அக்கா கணக்கு, வங்கியில் சொன்ன பொய் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். ஒழிந்தேன் என்று நினைத்தேன்.

“கணக்கு தொறக்கறது தப்பே இல்லம்மா. மறைக்கறதுதான் தப்பு. இத முதல் மாசமே கேட்டிருக்கலாமே?”

கேட்டிருக்கலாம்தான். கடன் தரும் வசதி எதுவும் இல்லாத சாதாரணக் கணக்கு கேட்கச் சொன்னார். எனக்குக் கடன் பாக்கி இல்லாத வங்கியாகப் பார்த்து அவரே ஒன்றைச் சொன்னார். போனை வைத்ததும் அழுகை வந்தது, கூடவே கோபமும். இத்தனை மாதம் ஷூவுக்கும் சோப்புக்கும் பேச்சு வாங்கியது என் பயத்தால்தான்.

மார்ச் 18, செவ்வாய்

அவர் சொன்ன வங்கியில், நாற்காலியை இழுப்பதற்கு முன்பே, “எனக்குக் கடன் இருக்குங்க” என்றேன். கவுன்டர் பெண் சிரித்துவிட்டாள். “முதல்ல உக்காருங்க.” இருக்கிற பணத்தை மட்டும்தான் எடுக்க முடியும், பரவாயில்லையா என்று கேட்டாள். இருக்கிற பணத்தை எடுத்தாலே போதும் தாயே என்றேன். கணக்கு எண் கையோடு கிடைத்தது. நேரே மேற்பார்வையாளரிடம் போய்க் கொடுத்தேன்.

மார்ச் 31, திங்கள்

சம்பளம் விழுந்துவிட்டது. என் பேரில்.

ஏப்ரல் 5, சனி

அக்கா வந்தாள். சம்பளம் தன்னிடம் வராததற்குச் சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று நானும் மல்லுக்கு நிற்கத் தயாராக இருந்தேன். அவளோ மகளின் புது ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என் டியூஷன் பணத்துல மாசாமாசம் கொஞ்சம் உன் கணக்குல போட்டு வைக்கட்டுமா? அத்தானுக்குத் தெரிய வேணாம்.”

அவள் கணக்கு அத்தானோடு சேர்ந்ததாம். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் பார்ப்பாராம். “ஷூவப் பத்தி நானாவாடி கேப்பேன்? நீ போனதும் எங்கிட்ட கேப்பாரு. பதில் வேணுமே.”

இவளைப் போய் என்னவெல்லாம் நினைத்தேன்! ஆனாலும் முடியாது என்றுதான் சொன்னேன். என் கணக்குக்கு வருவதெல்லாம் அதிகாரி பார்வைக்குப் போகும், அவள் பணமும் என் கடனில் மாட்டிக்கொள்ளும். முகம் சுருங்கி எழுந்தவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அதே கவுன்டர், அதே பெண். புதுக் கணக்குப் படிவத்தில் தன் பெயரை மட்டும் அக்கா நிதானமாக எழுதினாள். முகவரி எழுதும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. வங்கியிலிருந்து தபால் வீட்டுக்கு வருமா என்று மெதுவாகக் கேட்டாள். வரும் என்றாள் அந்தப் பெண்.

என் முகவரியை எழுதச் சொன்னேன்.