சட்டையில் ஒட்டிய பருக்கை

தம்பி,

அப்பா ஒரு மணிக்கே வயிறாரச் சாப்பிட்டார். நான் தட்டைக் கழுவுவதற்குள் அதை மறந்து, மாடி வீட்டு டீச்சரைக் கூப்பிட்டு, "ரெண்டு நாளா என் பொண்ணு பச்சத் தண்ணிகூடக் குடுக்கலம்மா" என்று அழுகிறார். சட்டையிலோ சோற்றுப் பருக்கை!

போன வருஷம் நீ அவரைப் பார்த்துக்கொண்டபோது உன்னைப் பற்றியும் இதையேதான் என்னிடம் சொன்னார். நீ தலையில் அடித்துக்கொண்டு மறுத்தும் நம்பாமல், வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். தப்பு என்னுடையதுதான்டா. அப்பாடா, சொல்லிவிட்டேன்!

அதிலிருந்து நீ அப்பாவைப் பார்க்க வருமுன்பே நழுவிவிடுகிறேன். இன்று மாத்திரை வாங்கத்தான் போகிறேன், திரும்பி வருவேன். அதுவரை டீச்சர் அப்பாவோடு இருக்கிறார். நீ ஓடிவிடாதே. உனக்கும் சமைத்திருக்கிறேன்.

அக்கா

ஓரத்தில் எழுதியதையும் படி: அப்பா பசிக்குதுன்னு சொன்னா நம்பாதே. நீ பசிக்கலன்னு சொன்னா நான் நம்பமாட்டேன்.