மைத்துளியில் வந்த கையெழுத்து

ஒஹாயோ
6-2-1977

அன்புள்ள தேவகிக்கு,

நான் சுகம். பனியும் சுகமாக ஜன்னல் வரை ஏறி உட்கார்ந்திருக்கிறது. அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று எழுது.

‘அங்கே அப்படி என்னதான் வேலை?’ என்று கேட்டிருந்தாய். மை பீச்சுகிறேன்! எங்கள் இயந்திரத்தில் அச்செழுத்து கிடையாது, நாடாவும் கிடையாது. ஒரு தலை உண்டு. அதில் தலைமுடியைவிடச் சன்னமான துளைகள். மை அதன் வழியே பாய்ந்து, போகிற போக்கில் துளித்துளியாக உடைந்து, காகிதத்தில் எழுத்தாக உட்காரும். அந்தத் தலையைச் சரியாகச் செய்வதுதான் என் பாடு. துளை கோணினால் எழுத்தும் கோணும்.

இன்னொரு தொல்லை, ஒவ்வொரு துளிக்கும் ஒரு வால் இருக்கிறது. அது அறுந்து குட்டித் துளியாகி இஷ்டப்பட்ட இடத்தில் விழுகிறது. இங்கிலீஷில் விழுந்தால் வெறும் அழுக்கு. தமிழில் விழுந்தால் புள்ளி, சொல்லே மாறிவிடும். அதனால் சோதனைக்கு நம் தமிழைத்தான் கொடுக்கிறேன். என் கையெழுத்தில் எல்லா எழுத்துகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். பொத்தானைத் தட்டினால் என் கையெழுத்திலேயே எழுதும். ஒரு தாள் வைத்திருக்கிறேன், பார்த்துச் சிரி.

உன்
ஆதிகேசவன்

சின்ன காஞ்சிபுரம்
24-2-1977

அன்புள்ள மாமாவுக்குத் தேவகி எழுதிக்கொண்டது.

நானும் அத்தையும் நலம். அத்தையின் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போக வேண்டும் என்கிறது.

உங்கள் இயந்திரம் என் பெயரை எப்படி எழுதியிருக்கிறது தெரியுமா? நடுவில் ஒரு புள்ளி விழுந்து ‘தேவ்கி’ ஆகிவிட்டேன். பம்பாய்க்காரியைக் கட்டிக்கொண்டீர்களா என்று நான் சேலை சரிபார்க்கும் நெசவாளர் சங்கத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். சேலையில் இழை எண்ணும் கண்ணாடியை வைத்துத் தாளைப் பார்த்தேன். எழுத்தே இல்லை, எல்லாம் கடுகு. எத்தனை சேலையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், உங்கள் தாளை விடுவேனா? நெசவு மட்டம், திருப்பி அனுப்புகிறேன் என்று உங்கள் தலைக்குச் சொல்லுங்கள்.

அத்தையிடம் காட்டினேன். “இன்னாமா இது, எம்புள்ள எழுத்துக்கு அம்மை போட்டுக்கினு இருக்குது?” என்றார்.

எப்போது வருகிறீர்கள்? அதைப் பேனாவால் எழுதுங்கள்.

தேவகி

ஒஹாயோ
9-10-1977

அன்புள்ள தேவகிக்கு,

இந்தக் கடிதம் முழுவதும் இயந்திரம் எழுதியது. கண்ணாடியை எடு, குறை கண்டுபிடி பார்க்கலாம்.

துளையை நேராக்கி, வாயின் விளிம்பில் இருந்த பிசிறை எடுத்தோம். இப்போது வால் அறுவதற்குள் துளி அதைத் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. வழி தவறும் துளியைக் காகிதத்தில் விழுவதற்கு முன்பே பிடித்துவிடுகிறோம். ஒவ்வொரு எழுத்தையும் ஆறு விதமாக எழுதி ஏற்றினேன். ஒரே பக்கத்தில் ஒரு ‘க’ போல இன்னொரு ‘க’ இருக்காது, மனிதன் எழுதுகிற மாதிரியே. கையொப்பம் மட்டும் என் பேனா.

கம்பெனி டாக்டர் ஒரு படம் எடுத்தார். பயப்பட ஒன்றும் இல்லை. அம்மாவிடம் சொல்லாதே. ஒரு உதவி செய். நம்மூரில் வருஷம் முழுவதும் வரும் விசேஷங்களைத் தேதி போட்டு எழுதி அனுப்பு. இங்கே நாள் கிழமை எல்லாம் மறந்துபோகிறது.

உன்
ஆதிகேசவன்

சின்ன காஞ்சிபுரம்
30-10-1977

அன்புள்ள மாமாவுக்கு,

தோற்றுவிட்டேன். கண்ணாடியிலும் பிடிபடவில்லை. கடைசியில் தாளைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவினேன். நீங்கள் அழுத்தி எழுதுகிறவர். உங்கள் பழைய கடிதங்களைத் தடவினால் வரி வரியாக மேடு தட்டும். இது வழவழவென்று இருக்கிறது. கையொப்பத்தின் பின்னால் மட்டும்தான் மேடு, அதுவும் நடுங்கியிருந்தது. ஏன் மாமா நடுங்கியது? டாக்டர் எதைப் படம் எடுத்தார்? கையையா, தலையையா? பயப்பட ஒன்றும் இல்லை என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்குப் பயமே வந்தது.

நீங்கள் கேட்டபடி விசேஷ நாட்களை எழுதியிருக்கிறேன். வரும் வருஷத்துப் பஞ்சாங்கம் இன்னும் கைக்கு வரவில்லை. சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்த்துத்தான் எழுதினேன்.

பதில் பேனாவால் வேண்டும். அடித்தல் திருத்தல் இருக்கட்டும்.

தேவகி

ஒஹாயோ
31-5-1978

அன்புள்ள தேவகிக்கு,

நான் நலம். உன் கடிதம் கிடைத்தது, மகிழ்ச்சி. இன்று நம்மூரில் கருட சேவை. இந்நேரம் வரதர் கோபுர வாசலைத் தாண்டியிருப்பார். நீயும் அம்மாவும் கூட்டத்தில் நிற்பதைக் கண்ணை மூடிப் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவைக் காலையில் கொஞ்சம் நடக்கச் சொல். வேலை அதிகம், தைக்கு வந்துவிடுவேன். கவலைப்படாதே.

உன்
ஆதிகேசவன்

சின்ன காஞ்சிபுரம்
12-6-1978

மாமா,

கருட சேவை முடிந்து பத்து நாள் கழித்து ‘இன்று’ என்று எழுதியிருக்கிறீர்கள். பெருமாள் நட்சத்திரம் பார்த்துப் புறப்படுகிறவர், இங்கிலீஷ் தேதி பார்த்து அல்ல. மே 31 என்பது போன வருஷத்துத் தேதி. நான் எழுதி அனுப்பிய தேதி.

தையிலிருந்து மாதக் கடைசி தவறாமல் கடிதம் வருகிறது. ஐந்தையும் பாயில் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட நான் கேட்டதற்குப் பதில் இல்லை. கையொப்பத்தின் பின்னால் தடவினேன். அங்கேயும் வழவழப்பு. இவற்றையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டீர்கள், மாதம் ஒன்றாக யாரோ அனுப்புகிறார்கள். அப்படித்தானே? அப்படியென்றால் நீங்கள் எங்கே?

ஒரு செய்தி. அத்தை வெள்ளிக்கிழமை விடியலில் தவறிவிட்டார். கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லாமல் உங்கள் சித்தப்பா வைத்தார். பதினாறாம் நாள் காரியத்துக்காவது வாருங்கள். வர முடியாவிட்டால் ஒரே ஒரு வரி போதும். கோணல்மாணலாக இருந்தாலும் சரி, உங்கள் கை பட்டதாக இருக்கட்டும்.

தேவகி

ஒஹாயோ
30-6-1978

அன்புள்ள தேவகிக்கு,

நான் நலம். உன் கடிதம் கிடைத்தது, மகிழ்ச்சி. அங்கே வெயில் தணிந்திருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? தைலம் தேய்க்கச் சொல். அம்மா கையால் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று! தைக்கு வந்துவிடுவேன் என்று அவளிடம் சொல். கவலைப்படாதே.

உன்
ஆதிகேசவன்

சின்ன காஞ்சிபுரம்
14-7-1978

என் கணவரின் கடிதங்களை மாதா மாதம் தபாலில் சேர்க்கும் நண்பருக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தமிழ் தெரியாது என்று தெரிந்துகொண்டேன். தெரிந்திருந்தால் என் போன கடிதத்தைப் படித்துவிட்டு அவருடைய ஜூன் மாதக் கடிதத்தை அனுப்ப உங்களுக்கு மனம் வந்திருக்காது. பக்கத்துத் தெரு பரமசிவம் வாத்தியார் இதை இங்கிலீஷில் எழுதித் தருகிறார். உறையின் மேல் கம்பெனி விலாசம்தான் போட்டிருக்கிறது. அங்கே யார் பிரித்தாலும் படிக்கலாம்.

என் மாமியார் இறந்துவிட்டதாக எழுதினேனே, அது பொய். உயிரோடு இருப்பவரை என் கையாலேயே சாகடித்து எழுதினேன். பெற்ற தாய் போனாள் என்று கேட்டால் அவர் எங்கே இருந்தாலும் பேனாவை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. கடிதம் வந்த அன்று வாத்தியார் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அழுதேன். அத்தைக்குத் தெரியாது. இன்று காலைகூட, “எம்புள்ள லெட்டர் போட்டுக்கினுதானே இருக்கான், உனுக்கு இன்னாமா கொற?” என்று கேட்டார்.

என்னைக் கலங்கவிடக் கூடாது என்று அவர் உங்களிடம் வாக்கு வாங்கியிருப்பார். அந்த இயந்திரத்தைச் செய்த கையே அவருடையதுதான், அவர் இதைச் செய்யக்கூடியவர். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் மேல் நிறைய இருக்கிறது. நோயென்றால் நோயென்று சொல்லியிருக்கலாம். தாலியை விற்றாவது வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

மிச்சம் எத்தனை கடிதங்கள் உங்கள் கையில் இருக்கின்றனவோ, அவற்றை அனுப்ப வேண்டாம். ஒன்றே ஒன்று சொல்லுங்கள், ஆம் இல்லை என்றால் போதும். எங்கள் ஊரில் கணவன் இருக்கும் பெண்தான் நெற்றியில் குங்குமம் வைப்பாள். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் குங்குமச் சிமிழைத் திறந்துகொண்டு நிற்கிறேன். நான் பொட்டு வைத்துக்கொள்ளலாமா?

இப்படிக்கு,
தேவகி ஆதிகேசவன்