அப்பா முகம் தெளிந்துவிட்டது

உப்பளம், புதுச்சேரி
2.11.2006

அன்புள்ள அண்ணன் வெற்றிவேலுக்கு, தங்கை சிவசங்கரி எழுதுவது. அண்ணியும் உன் மகளும் அங்கே சுகமாக இருப்பார்கள். இருக்கட்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தீபாவளிக்கு வந்த உன் மச்சான் செல்வகுமார் அப்பாவைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினாராம். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் குதித்தாய். "அப்பா மொகம் எப்பிடித் தெளிஞ்சி போச்சு பாரு, ஒரு பருகூட இல்ல, கடவுள் கண்ணத் தொறந்துட்டாரு" என்றாய். பாரீஸ் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்ததாகவும் சொன்னாய். நான் உம் கொட்டிக்கொண்டே கேட்டேன். இந்தக் கடிதம் வந்து சேரும்வரை நன்றாகச் சந்தோஷப்பட்டுக்கொள் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து படி.

நுரையீரலில் புற்றுநோய் முற்றிவிட்டது, வழக்கமான மருந்து இனிக் கேட்காது என்று கைவிரித்த பிறகுதான் அப்பாவை அந்தப் புது மாத்திரை ஆராய்ச்சியில் சேர்த்தோம். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது. ஆனால் நிஜ மாத்திரை சாப்பிட்டால் பலருக்கு முகமெல்லாம் பரு கிளம்பும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அதனால் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருப்போம். அப்பாவுக்கு மூக்கோரம் முதல் பரு வந்த அன்று நான் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். பிள்ளைச்சாவடி கன்னியப்பன் என்று ஒருவரும் அதே ஆராய்ச்சியில் இருந்தார். அவர் முகம் மொழுமொழுவென்றே இருந்தது. கன்னியப்பன் ஒரு நாள் அப்பாவின் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "எனக்கும் நாலு குடேன்யா" என்று கேட்டார். ஆவணி முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

அப்பாவுக்கு முகம், கழுத்து, நெஞ்சு எல்லாம் அப்பிக்கொண்டது. அரிப்பில் தூக்கம் கிடையாது. சவரம் கூடாது, வெயில் கூடாது. நான் களிம்பு தடவினால், "அறுவத்தெட்டுல எனக்கு வயசு திரும்புது பாரு" என்று சிரிப்பார். மூச்சுத் திணறல் குறைந்து, கடற்கரைவரை நடந்து போய் வந்தார். இதெல்லாம் நான் உனக்குப் போனில் சொன்னவைதான். பரு இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்பது உனக்குத் தெரியும்.

தெரிந்துதான் ஆகஸ்டு லீவில் வந்து உன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு நடத்தியபோது அப்பாவை மேடை ஏறவிடாமல் செய்தாய். உன் மாமனார், "அம்ம போட்டாப்புல இருக்கு, பிரான்ஸ்லேந்து வந்தவங்க பயப்புடுவாங்க" என்றார். நீயும் உடனே, "வீடியோவுல விழும்பா, எல்லாரும் போனப்பறம் வந்து ஆசீர்வாதம் பண்ணு" என்று பெற்ற தகப்பனைச் சமையல்கட்டுப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தாய். பேத்திக்குப் போடவென்று அவரே போய் வாங்கிய ரோஜா மாலை மடியில் இருந்தது. நான் மேடையைப் பிய்த்துப் போட்டிருப்பேன். அப்பாதான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொழந்த விசேசம், கலைக்காத" என்றார். எல்லாரும் போவதற்குள் உன் மகள் தூங்கிவிட்டாள். மாலை எங்களோடு வீட்டுக்கே திரும்பி வந்தது. உனக்கு இருக்கிறது ஒரு நாள் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

அந்த நாள் இதுதான், வாங்கிக்கொள். செப்டம்பரில் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி மறுபடியும் வளர்ந்துவிட்டது. இனி இந்த மாத்திரையால் பயனில்லை என்று ஆராய்ச்சியிலிருந்து அப்பாவை எடுத்துவிட்டார்கள். மாத்திரை நின்றதும் பருவெல்லாம் அடங்கிவிட்டது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் நோயே போய்விட்டதென்று நீ தேங்காய் உடைத்தாய். தீபாவளிக்கு முதல் நாள் அப்பா கண்ணாடி பார்த்தார். "எல்லாம் போயிடுச்சு" என்று சொல்லிக் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார். இப்போது கஞ்சிதான் இறங்குகிறது. பொங்கல்வரை தாங்குமா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் வலி மாத்திரைக்குச் சீட்டு எழுதினார்.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். நம் தெருவில் வெளிநாட்டுப் பிள்ளை வந்து இறங்கும்வரை ஐஸ் பெட்டியில் போட்டுக் காத்திருப்பார்கள். நான் காத்திருக்க மாட்டேன். அன்று சாயங்காலமே எடுத்துவிடுவேன். கொள்ளியும் நானே வைப்பேன். பொம்பளை வைக்கலாமா என்று கேட்கிற வாயை நான் பார்த்துக்கொள்கிறேன். மூத்த பிள்ளை என்று மொட்டையடித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்க உனக்கு இங்கே இடம் கிடையாது. அவர் கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன். மூச்சு இருக்கும்வரை அது உனக்கு.

எழுதுவதைப் பார்த்துவிட்டு யாருக்கு என்று அப்பா கேட்டார். சொன்னேன். "அவனுக்கு லீவு கெடைக்காது. வரலன்னா வருத்தப்பட வேணாம், நான் ஒண்ணும் மனசுல வச்சிக்கலன்னு எழுதும்மா" என்றார். அவர் சொன்னதை எழுதிவிட்டேன்.

நான் சொல்வதையும் கேள். வருத்தப்படு. நன்றாக வருத்தப்படு. வருத்தப்பட்டுக்கொண்டே பிளேன் ஏறு அண்ணா.

இப்படிக்கு,
உன்னை மன்னிக்காத தங்கை
சிவசங்கரி