பதினாறுக்கு இன்னொரு சீட்டு

நாள் 97, காலை 08.10

வியாழனின் நிலவு யூரோப்பா, பனி நிலையம். எழுதுவது மங்கையர்க்கரசி, பனி ஆய்வாளர். காற்று, நீர், துளைக்கருவி எல்லாம் சரி. மேல்தளத்தில் ஆன்டெனா மறுபடி உறைந்துவிட்டது. யாராவது ஏறிப் போய்ப் பனியைச் சுரண்ட வேண்டும். வியாழனின் கதிர்வீச்சு அங்கே கொட்டுகிறது. ஒவ்வொரு முறையும் உடம்பில் கொஞ்சம் சேரும், சேர்ந்தது இறங்காது.

இங்கே நானும் துளைப்பொறியாளர் ஜெபசிங்கும் மட்டும்தான். இருவரும் சம பதவி, யாரும் யாருக்கும் உத்தரவு போட முடியாது. அதனால் பிளாக்ஜாக், இருபத்தொன்றைத் தாண்டாமல் அதை நெருங்க வேண்டிய சீட்டாட்டம். கணினி சீட்டுப் போட்டு எதிராக ஆடும், நாங்கள் கொண்டைக்கடலையைப் பந்தயம் வைப்போம். கட்டு தீரும்போது கடலை குறைந்தவர் மேலே போக வேண்டும். இன்று நான் போனேன்.

நாள் 121, மாலை 17.30

மறுபடியும் நான். கணக்குப் படித்தவள் என்று பேர்தான். எரிச்சலில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பிரித்துப் பார்த்தேன்.

கையில் பதினாறு இருந்து இன்னொரு சீட்டு கேட்டால், பதிமூன்று வகையில் எட்டு வகை இருபத்தொன்றைத் தாண்டிவிடும். கணினியோ பதினேழு வரும்வரை எடுத்தே ஆக வேண்டும். அதன் சீட்டு ஆறாகத் தெரிந்தால் நாம் பேசாமல் இருப்பது நல்லது, அதுவே தாண்டித் தோற்க நிறைய வாய்ப்பு. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. கட்டு தீரும்வரை கணினி கலைப்பதில்லை. சின்னச் சீட்டுகள் முதலிலேயே போய்விட்டால் மிச்சம் பத்தும் ராஜாவும்தான், அது நமக்குச் சாதகம். அப்போது கடலையை அள்ளி வைக்க வேண்டும்.

நாள் 158, காலை 09.00

தொடர்ந்து நான்கு முறை ஜெபசிங்தான் மேலே போனான். கலகலப்பான ஆள், நாகர்கோவில்காரன், தோற்றாலும் சிரிப்பான். என்னைவிட ஏழு வயது இளையவன். நேற்று கேட்டான்: "அக்கா, உங்களுக்கு மட்டும் எப்படி விழுது? எனக்கும் கொஞ்சம் சொல்லித் தாங்க."

சொன்னேன். பதினாறு வந்தால் பயப்படாதே, எப்போதும் இன்னொரு சீட்டு கேள் என்றேன். தெரிந்தேதான் சொன்னேன். அவன் நன்றி சொன்னான். என் மார்பில் குத்திய கதிர்வீச்சு அட்டை மஞ்சளாகிவிட்டது, அவனுடையது இன்னும் பச்சை. இதை நியாயம் என்று எழுத வந்தேன். சே, எழுதக் கூசுகிறது.

நாள் 203, மாலை 16.45

அவன் அட்டை சிவப்பு. பல் ஈறில் ரத்தம். ஆன்டெனா மறுபடி நின்றது. சிக்னல் இல்லாவிட்டால் எங்களை ஏற்றிப்போக வந்துகொண்டிருக்கும் மீட்புக் கலம் இந்த இடத்தைக் கண்டுபிடிக்காது.

நான் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்பான். அதனால் தோற்கப் பார்த்தேன், வெட்கங்கெட்டவள். கட்டு மோசமாக இருக்கும்போது கடலை முழுவதையும் வைத்தேன். பத்தொன்பது வந்தது, இன்னொன்று கேட்டேன். இரண்டு விழுந்தது. இருபத்தொன்று.

விசிலடித்துக்கொண்டே உடுப்பை மாட்டினான். நான் ஜிப்பை இழுத்துவிட்டேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

நாள் 206

ஜெபசிங் படுத்த படுக்கை. தண்ணீர்கூடத் தங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு ராசி அவ்வளவுதான், வருத்தப்படாதீங்க" என்று என்னைத் தேற்றுகிறான். தேற்றுகிறான், என்னை.

நாள் 209, குரல் பதிவு, மேல்தளக் கதவு

ஆன்டெனா மறுபடி... ஆடாமலே உடுப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவன் ரேடியோ இணைப்பில் கத்துகிறான்.

"முறைன்னா முறைதான் அக்கா. எனக்குப் பாவம் பாக்காதீங்க. கட்டிலுக்கே சீட்டைக் கொண்டு வாங்க, ஆடிட்டு யாருன்னு பாக்கலாம்."

விட்டால் எழுந்து வந்துவிடுவான். சொல்லிவிட்டேன். சீட்டை எண்ணி ஆடியது, பதினாறு, எல்லாம்.

அப்புறம் கேட்டான்.

"நான் ஒவ்வொரு தடவை மேல போகும்போதும் 'பாத்துப் போயிட்டு வா'ன்னு சொல்லுவீங்களே. அதாச்சும் நிஜமா?"

நிஜம்தான். சத்தியமா நிஜம்தான். ஆனால் அதைச் சொல்ல இப்போது எனக்கு என்ன யோக்கியதை... கதவு திறக்கிறது. அவன் இன்னும் இணைப்பில் காத்திருக்கிறான்.